ஒல்லிப் புத்தகமும் இரண்டாம் கொட்டகைக் கோழிகளும்

எங்கள் கோழி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. பரிசோதனையை எப்படித் திட்டமிடுவது என்று ஆரம்பத்திலிருந்து, யாருக்கும் புரியும்படி சொல்லும் எளிய புத்தகம். ஒன்று போதும். அதைத் தேர்ந்தெடுக்க எட்டு வாரம் ஆனது. ஏன் இவ்வளவு அவசரப்பட்டீர்கள் என்று மேலிடம் பிறகு கேட்டது. அது வேறு விஷயம்.

நான் அங்கே நூலகர். அலமாரி ஆறு, மேஜை இரண்டு, மின்விசிறி ஒன்று. புத்தகத்துக்காக வருகிறவர்கள் குறைவு. மின்விசிறிக்காக வருகிறவர்கள் அதிகம்.

தேவை வந்தது இப்படி. நிலையத்தில் தற்காலிக ஆராய்ச்சியாளர் ஒருத்தி இருந்தாள். கடற்பாசியைக் காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலந்தால் கோழி கூடுதலாக முட்டையிடும் என்பது அவள் கட்சி. பாசி, பாசி என்று பேசிப் பேசி அவளுக்கே பாசி என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டு கொட்டகை, கொட்டகைக்கு முப்பது கோழி. முதல் கொட்டகைக்குப் பாசித் தீவனம், இரண்டாவதுக்குப் பழைய தீவனம். பன்னிரண்டு வாரம் முட்டையை எண்ண வேண்டும். எண்ணினாள். இரண்டிலும் ஒரே அளவு. மறுபடி செய்தாள். மறுபடியும் ஒரே அளவு.

"பாசி தின்னாத கோழி எதுக்கு சார் இவ்வளவு முட்டை போடுது?" என்று என்னிடம் கேட்டாள்.

"கோழியைக் கேளு" என்றேன்.

மூன்றாவது முறைதான் கடைசி என்று இயக்குநர் உத்தரவு போட்டார். அதிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் பாசிக்கு வேலை போகும். கோழிகள் ஏலத்துக்குப் போகும். கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் கோழிக்காரரும் வீட்டுக்குப் போவார். உத்தரவின் கடைசி வரியில் ஒரு நிபந்தனை: "சம்பந்தப்பட்ட அனைவரும் பரிசோதனை வடிவமைப்பு குறித்த எளிய அறிமுக நூலொன்றைக் கற்றுத் தெளிந்த பின்னரே மேற்படி சோதனை தொடங்கப்படல் வேண்டும்."

பாசியின் பணிக்காலம் முடிய இருபது வாரம் இருந்தது. சோதனைக்குப் பன்னிரண்டு. மீதி எட்டு.

என்னிடம் ஒரு ஒல்லிப் புத்தகம் இருந்தது. எண்பது பக்கம். நடுநடுவே கோட்டுப் படங்கள். பாசி அதை அலமாரி பக்கத்தில் நின்றபடியே ஒரு மணி நேரத்தில் படித்து முடித்தாள்.

"இதுதான் சார். எல்லாருக்கும் இதையே கொடுத்துடலாம். நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

"முடியாது. குழு போட்டாச்சு."

"ஒரு புத்தகத்துக்கா?"

"ரெண்டு புத்தகம்னா ரெண்டு குழு போட்டிருப்பாங்க. சும்மா இரு."

குழுவில் நான்கு பேர். தலைவர் இயக்குநர். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் அது கோப்பில் ஏறிவிடும். அடுத்தவர் நிர்வாக அலுவலர், விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடப்பவர். மூன்றாமவர் துணை இயக்குநர். அண்மையில் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்திருந்தார். அன்றிலிருந்து எதைப் பேசினாலும் "அந்த மூணு நாள்ல" என்றுதான் தொடங்குவார். அவர் பெயரே மூணுநாள் என்றாகிவிட்டது. நான்காவது நான். உறுப்பினர் செயலர். அதாவது தேநீர் சொல்கிறவன்.

ஒல்லிப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். இயக்குநர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மீதி எங்கே?"

"இவ்வளவுதான் சார்."

நிர்வாக அலுவலர் வாங்கிப் புரட்டினார். நான்கைந்து பக்கம் படித்தார். முகம் மாறியது.

"சார், இது எனக்கே புரியுது. இதை எப்படி ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வைக்கறது?"

மூணுநாள் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். எடுத்தார் என்று எளிதாக எழுதிவிட்டேன். இரண்டு கையும் தேவைப்பட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். மேஜைமேல் வைத்தபோது தேநீர்க் கோப்பைகள் ஆடின.

"அந்த மூணு நாள்ல இதைத்தான் கொடுத்தாங்க."

"படிச்சீங்களா?" என்றேன்.

"மூணு நாள்தானே."

"இது எளிய நூலா சார்?"

"எளிமைன்னா என்ன, பெரியவரே? நீங்களும் நானும் சொன்னா ஆச்சா? டேட்டா சொல்லணும். டேட்டா இல்லாம முடிவெடுக்கறதெல்லாம் போன தலைமுறைப் பழக்கம்."

ஆகவே, எது எளிய நூல் என்பதை ஒரு சோதனை நடத்தித் தீர்மானிப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. சோதனை நடத்தத் தெரியாததால்தானே புத்தகம் தேடுகிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்தக் கையெழுத்து வரை மூன்று வாரம்.

ஊழியர்களில் முப்பது பேரை மூன்று பத்தாகப் பிரிக்க வேண்டும். ஒரு பத்துக்குத் தடிப் புத்தகம், ஒரு பத்துக்கு ஒல்லி, ஒரு பத்துக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் பரீட்சை. பாசியையும் அன்று கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள்.

"பேரை எழுதிச் சீட்டுக் குலுக்கிப் பிரிங்க சார்" என்றாள். "அந்தப் புத்தகத்துலயே இருக்கு. பதினெட்டாம் பக்கம்."

நிர்வாக அலுவலர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். "அலுவலக வளாகத்துல சீட்டுக் குலுக்கறது சூதாட்டம். வேலை போயிடும்மா."

"அப்போ எப்படிப் பிரிப்பீங்க?"

"பணிமூப்புப்படி. அதைவிட வெளிப்படையான முறை எது?"

பத்து அதிகாரிகளுக்குத் தடிப் புத்தகம். பத்து எழுத்தர்களுக்கு ஒல்லி. கொட்டகை ஆட்கள் பத்துப் பேருக்கு ஒன்றும் இல்லை. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எங்கள் நிலையத்தில் நாற்காலியும் இப்படித்தான் பிரியும்.

தடிப் புத்தகம் பத்துப் பிரதி மூன்றே நாளில் வந்தது. ஒல்லி ஒரே பிரதி. அதைத் தாள் தாளாகப் பிரித்து நகல் எடுத்தார்கள். எங்கள் நகல் இயந்திரம் தாளின் ஒரு முகத்தை மட்டும் எடுக்கும். திருப்பிப் போட ஓர் ஆள் வேண்டும். அந்தப் பணியிடம் ஆறு வருடமாகக் காலி. எழுத்தர்களுக்கு ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டும் கிடைத்தன. ஒருவரும் குறை சொல்லவில்லை. பாதிதானே என்று சந்தோஷப்பட்டார்கள். பிரித்த புத்தகத்தை நான் தைத்து ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

குறை சொன்னது கொட்டகை ஆட்கள். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். எல்லாருக்கும் புத்தகம், எங்களுக்கு மட்டும் இல்லையா, நாங்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டிருந்தார்கள்.

"ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் படிக்காம இருக்கணும் சார்" என்றாள் பாசி.

"பாரபட்சம்னு மேல போயிடுவாங்கம்மா" என்றார் நிர்வாக அலுவலர். "அவங்களுக்கும் ஒரு புத்தகம் கொடுப்போம். படிக்க ஒண்ணுமில்லாத புத்தகமாப் பார்த்துக் கொடுப்போம்."

எங்கள் நிலையத்தின் ஆண்டறிக்கையைக் கொடுத்தார்கள். அதில் படிக்க எதுவும் இல்லை என்று அவரே கோப்பில் எழுத்துபூர்வமாக உறுதியளித்தார். முன்னுரை எழுதிய இயக்குநர் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டார்.

மறுநாள் கோழிக்காரர் நூலகத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஆண்டறிக்கையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, இதை மூணு தடவை புரட்டிட்டேன். எல்லாப் பக்கத்துலயும் பெரிய சாருங்க போட்டோதான் இருக்கு."

"அதுதான் புத்தகம். போங்க."

"எழுத்தருங்க கையில இருக்கே, அதுல கோழியப் பத்தி ஏதோ படம் போட்டிருக்காம்."

"அது உங்களுக்கு இல்லை."

"சரிங்கய்யா."

சரி என்றார், போகவில்லை. அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அலமாரியைப் பார்த்தார். நான் இளகிய மனசுக்காரன் இல்லை. என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் எழுந்தேன். ஒல்லிப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"பதிவேட்டுல எழுதலை. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஐந்தாம் நாள் வந்தார். முகம் செத்திருந்தது. புத்தகத்தை இருபத்து நான்காம் பக்கத்தில் விரித்து மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, இதுல என்னைப் பத்தி எழுதியிருக்காங்க."

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். ஒரு கூட்டத்துக்கு மருந்தைக் கொடுத்தால் இன்னொரு கூட்டத்தைச் சும்மா விட வேண்டும். பாவம் பார்த்து அதற்கும் கொடுத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. உழைத்ததெல்லாம் வீண் என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே ஒரு படம். ஒரு ஆள் திருட்டுத்தனமாக வாளியோடு போகிறான்.

"வாளியா?" என்றேன்.

"வாளிதாங்கய்யா. சாயங்காலம் ஒரு வாளி. ரெண்டாம் கொட்டகைக்கு."

"ரெண்டு தடவையுமா?"

"நான் போனா வலையில மூக்க வெச்சுட்டு நிக்குதுங்க. அந்தப் பக்கம் உள்ளதுங்க நல்லதாத் தின்னும்போது இதுங்க என்ன பாவம் பண்ணிச்சு? பாசிம்மா கொடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. ஏன்னு எனக்கு உறைக்கலை. இப்போ உறைக்குது. அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே ஐயா."

"வாயை மூடுங்க. இந்தத் தடவை கொடுக்காதீங்க. அவ்வளவுதான்."

"மத்த ஆளுங்களுக்கும் படிச்சுக் காட்டிடட்டுமா? நாளைக்கு நான் லீவுல போனா அவங்க கொடுத்துடக் கூடாது."

சரி என்றேன். சாப்பாட்டு வேளையில் தீவன மூட்டைகள்மேல் உட்கார்ந்து, பத்துப் பேரும் அட்டையிலிருந்து அட்டைவரை கேட்டுவிட்டார்கள். இரண்டு முறை.

அதிகாரிகள் யாரும் தடிப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கணினித் திரையை உயர்த்தி வைக்க அது மிகவும் பயன்பட்டது. கழுத்துவலி குறைந்ததாக இருவர் சொன்னார்கள்.

ஏழாம் வாரம் பரீட்சை. விடைத்தாளில் பெயருக்கு இடம் விட அச்சுக்காரர் மறந்துவிட்டார். எந்தக் குழு என்பதற்குக் குறியீடு மட்டும்தான் இருந்தது. திருத்தியவர் வெளியூர்ப் பேராசிரியர். எது அதிகாரி தாள், எது கொட்டகைத் தாள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இந்த முழுச் சோதனையிலும் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான். அதுவும் மறதியால்.

முடிவை மூணுநாள் திரையில் போட்டுக் காட்டினார். நான்கு நிறத்தில் தூண்கள். மூன்று குழுவுக்கு நான்காவது நிறம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"தடி நூல் படிச்சவங்க சராசரி இருபத்தொண்ணு."

பத்து அதிகாரிகளும் ஒரே விடையை ஒரே பிழையோடு எழுதியிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து எழுதியவர் இயக்குநர்.

"ஒல்லி நூல் நாப்பது." பாதிப் புத்தகத்துக்கு நல்ல மதிப்பெண்தான்.

"ஆண்டறிக்கை..." மூணுநாள் திரையை இன்னொரு முறை பார்த்தார். "எழுபத்தெட்டு."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஆண்டறிக்கையா?"

"நம்மதுதான் சார். டேட்டா சொல்லுது."

"முன்னுரை நான் எழுதினது" என்றார் இயக்குநர். பல வருடங்களில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

நிர்வாக அலுவலர் தன் உறுதிமொழி இருந்த தாளைக் கோப்பிலிருந்து மெதுவாக உருவி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் வாளியும் வெளியே வரும். பரிசோதனை வடிவமைப்புக்கான ஆகச்சிறந்த எளிய அறிமுக நூல் எங்கள் நிலைய ஆண்டறிக்கையே என்ற தீர்மானத்தில் உறுப்பினர் செயலர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன். தெளிவாகத்தான் போட்டேன். மேலிடம் அதைப் பதினேழு நிலையங்களுக்குப் பரிந்துரைத்தது. பாராட்டுக் கடிதம் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டப்பட்டது.

எட்டு வாரம் முடிந்திருந்தது. பாசி அதே நாள் தீவனத்தைக் கலந்தாள்.

இந்த முறை கோழிக்காரர் இரண்டாம் கொட்டகைக்குள் தலையைக் குனிந்துகொண்டு போனார். தலையைக் குனிந்துகொண்டு வந்தார். சாயங்காலம் அந்தப் பக்கமே போக மாட்டார். மூன்றாம் வாரம் எண்ணிக்கை பிரிய ஆரம்பித்தது. பன்னிரண்டாம் வாரம் முதல் கொட்டகையில் நூற்றெண்பது முட்டை. இரண்டாவதில் நூற்று நாற்பது.

பாசி தாளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வந்தாள். தாளை ஆட்டினாள். நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

இயக்குநரும் அந்தத் தாளைப் பார்த்தார். அவர் பார்த்தது வேறு. மறுநாள் கோழிக்காரருக்குக் குறிப்பாணை வந்தது: "முந்தைய இரு சோதனைகளிலும் இரண்டாம் கொட்டகையில் வாரமொன்றுக்கு நூற்றெழுபத்தெட்டு முட்டைகள் பெறப்பட்ட நிலையில், தற்போது நூற்று நாற்பதாகக் குறைந்துள்ளது. மேற்படி கொட்டகையைக் கவனியாது விட்டமைக்குத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?"

விசாரணை, இயக்குநர் அறையில். குழு அதே நான்கு பேர்தான். பாசியை வெளியே உட்கார வைத்தார்கள். கோழிக்காரர் பதிலை எழுதிக்கொண்டு வந்திருந்தார். முழு உண்மை. வாளி, சாயங்காலம், இருபத்து நான்காம் பக்கம், எல்லாம்.

நிர்வாக அலுவலர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் ரெண்டு தடவை தீவனம் திருடிப் போட்டிருக்கீங்க."

"ஆமாங்கய்யா."

"அது பரவாயில்லை. அதை விடுங்க. அந்த ஒல்லிப் புத்தகத்தைப் படிச்சேன்னு எழுதியிருக்கீங்களே, இது என்ன?"

"படிச்சேங்கய்யா."

"நீங்க ஆண்டறிக்கைக் குழு."

"அதையும் புரட்டினேங்கய்யா."

"இவர் ஒல்லியைப் படிச்சதா ஒத்துக்கிட்டா..." மூணுநாள் விரல் விட்டு எண்ணினார். "ஆண்டறிக்கைக்கு வந்த எழுபத்தெட்டு போச்சு. தீர்மானம் போச்சு. பதினேழு நிலையம் போச்சு. வராந்தாவுல மாட்டினதைக் கழட்டணும்."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதோ பாருங்க" என்றார் நிர்வாக அலுவலர், தம்பிக்குப் புத்தி சொல்வதுபோல. "ஆண்டறிக்கை மட்டும்தான் படிச்சேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அலட்சியத்துக்கு ஒரு எச்சரிக்கையோட விட்டுடறோம். வேலை இருக்கும்."

"அப்போ பாசிம்மா தீவனம்?"

"கோழியைச் சரியாப் பார்க்காததால முட்டை குறைஞ்சுதுன்னு ஆகும். தீவனத்தால எதுவும் நிரூபணம் ஆகலை."

"அப்போ எழுத மாட்டேங்கய்யா. நான் படிச்சேன்."

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. "புத்தகத்தைக் கொடுத்தது நான்தான்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நிர்வாக அலுவலருக்குக் கோபமே வரவில்லை. நூலகப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். அந்த மாதத்தைத் திறந்தார். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"பதிவே இல்லையே."

"எழுதலை."

"முப்பத்தோரு வருஷமா ஒரு புத்தகத்தைக்கூட எழுதாம கொடுத்ததில்லைன்னு போன வருஷம்தான் உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தோம்."

"இது ஒண்ணுதான் எழுதலை."

"பதிவேட்டுல இல்லை. ஆகவே நடக்கலை" என்றார். பதிவேட்டை மூடி என்னிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

புத்தகம் வழங்கப்படவில்லை. வழங்கப்படாததை ஒருவர் படித்திருக்க முடியாது. படிக்காதவர் திருந்தியிருக்க முடியாது. எனவே முட்டை குறைந்தது அலட்சியத்தால்தான் என்று விசாரணை முடிவுற்றது. கோழிக்காரர் பணிநீக்கம். பாசியின் பணிக்காலம் அந்த வெள்ளிக்கிழமை தானாகவே முடிந்தது. அறுபது கோழிகள் ஏலத்துக்கு வந்தன.

ஏலத்தில் எடுத்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பண்ணை. கோழியோடு பாசியையும் எடுத்துக்கொண்டது. பாசி கோழிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒல்லிப் புத்தகமும் போயிற்று. திருப்பிக் கேட்டு நினைவூட்டல் அனுப்ப முடியாது. பதிவேட்டில் இல்லை.

இப்போது கடைக்குக் கடை அந்தப் பண்ணை முட்டைதான். பாசித் தீவனம் முட்டையின் எண்ணிக்கையைக் கூட்டும் என்பதுதான் பாசி சொன்னது. பண்ணை முதலாளிக்கு அது போதவில்லை. முட்டைப் பெட்டியில், மூட்டுவலி நீங்கும், முடி வளரும், ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்று அச்சிட்டுவிட்டார். எங்கள் நிலையத்தில் எல்லாருக்கும் அந்த முட்டைதான். மூணுநாள் முடிக்காகச் சாப்பிடுகிறார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்கும் முழங்கால் வலி. என் மனைவிக்கும் முழங்கால் வலி. பெட்டியில் எழுதியிருப்பதை நம்புகிற ஆள் நான் இல்லை. சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரே வயசு, ஒரே வீடு, ஒரே படிக்கட்டு. நான் தினமும் இரண்டு பாசி முட்டை சாப்பிடுவது, அவள் சாப்பிடாமல் இருப்பது, எட்டு வாரம் கழித்து யார் படியேறுகிறார்கள் என்று பார்ப்பது. அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

"சரிங்க" என்றாள்.

முதல் நாள் என் தட்டில் இரண்டு முட்டை. எதிரே அவள். என் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

எட்டு வாரம் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.